செவிலியரிடம் நோயாளி எதிர்பார்ப்பது என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். மீதி நேரம் முழுவதும் மருந்து, ஊசி, காய்ச்சல் கணக்கு, கழிப்பறைக்குத் துணை, நடுராத்திரிப் பயம் எல்லாமே செவிலியர் கையில்தான். அவர் செய்கிற நூறு காரியங்களில் எது முக்கியம் என்று படுத்திருப்பவரைக் கேட்டால் வரும் பதில், பலரும் ஊகிப்பதிலிருந்து விலகியே இருக்கிறது. பல ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்துவிட்டு இப்போது செவிலியர் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். மாணவர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கறை என்பது மனத்தில் இருப்பது. அதைப் போய் எப்படி அளக்க முடியும்?

மனத்தை அளக்க முடியாது. கை என்ன செய்தது, வாய் என்ன சொன்னது என்பதைக் கவனிக்கலாம், கேட்கலாம், வரிசைப்படுத்தலாம். வலி மாத்திரை நேரத்துக்கு வந்ததா, கூப்பிட்டால் ஆள் வந்தாரா, ஊசி போடும் முன் ஒரு வார்த்தை சொன்னாரா என்பவையெல்லாம் நோயாளி கண்ணால் பார்த்தவை. இவற்றைத்தான் செவிலியத் துறையில் பராமரிப்பு நடத்தைகள் என்கிறார்கள்.

அமெரிக்கச் செவிலிய அறிஞர் ஜீன் வாட்சன் 1979-இல் பராமரிப்பைச் செவிலியப் பணியின் நடுநாயகமாக வைத்து, அதைப் பத்துக் கூறுகளாகப் பிரித்து எழுதினார். நம்பிக்கை ஊட்டுவது, நல்லதோ கெட்டதோ மனத்தில் உள்ளதைக் கொட்டுவதற்கு இடம் கொடுப்பது, கற்றுக்கொடுப்பது, உடலின் அன்றாடத் தேவைகளைக் கவனிப்பது ஆகியவை அவற்றில் சில. பின்னால் வந்த பல கேள்வித்தாள்களுக்கு இந்தப் பட்டியல்தான் அடிப்படை.

நோயாளிகள் முதலிடம் கொடுப்பது எதற்கு?

கைத்திறமைக்கு. முதன்முதலாகக் கேட்கிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

1984-இல் பட்ரீஷியா லார்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனையில் இருந்த புற்றுநோயாளிகளிடம் 50 அட்டைகளைக் கொடுத்தார். ஒவ்வொரு அட்டையிலும் செவிலியர் செய்யும் ஒரு காரியம் எழுதியிருக்கும். அவற்றை முக்கியத்துவப்படி ஏழு அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். மிக முக்கியம் என்ற அடுக்கில் ஒரே ஒரு அட்டைதான் வைக்கலாம். மிகக் குறைந்த முக்கியம் என்ற அடுக்கிலும் ஒன்றுதான். எல்லாமே முக்கியம் என்று நல்ல மனத்தோடு சொல்லித் தப்பித்துக்கொள்ள அதில் வழியில்லை. அந்த முறையின் அருமையே அதுதான். அப்படி நெருக்கிக் கேட்டபோது, ஊசி போடவும் டிரிப் ஏற்றவும் கருவிகளைக் கையாளவும் நன்றாகத் தெரிந்திருப்பதையே நோயாளிகள் மேலே வைத்தார்கள். உட்கார்ந்து பேசுவது, ஆறுதலாகத் தொடுவது போன்றவை அதற்குக் கீழேதான் வந்தன.

1988-இல் குரோனின், ஹாரிசன் என்ற இருவர் மாரடைப்பு வந்து பிழைத்தவர்களிடம் வேறொரு கேள்வித்தாளோடு போனார்கள். செய்கிற வேலை இன்னதென்று தெரிந்து செய்வது அங்கேயும் முன்னணியில் இருந்தது. எப்போது மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருப்பதும், வேண்டுமென்றால் ஆள் இருக்கிறது என்ற தெம்பைக் கொடுப்பதும் அதோடு சேர்ந்து வந்தன. இரண்டும் சிறிய ஆய்வுகள். ஆனாலும் வேறு நாடுகளில், வேறு நோய்களுக்குப் படுத்திருந்தவர்களிடம் கேட்டபோதும் பெரும்பாலும் இதே சாயல்தான் தெரிந்தது.

அப்படியானால் கனிவு நோயாளிக்கு இரண்டாம்பட்சமா?

இந்த ஆய்வுகளைப் படிக்கிற மாணவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கனிவு ஒரு தட்டிலும் திறமை ஒரு தட்டிலும் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். படுத்திருப்பவர் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

கீமோ எடுத்து எடுத்து நரம்பெல்லாம் ஒடுங்கிப்போன ஒரு கையை நினைத்துக்கொள்ளுங்கள். முந்தின தடவை நாலு இடத்தில் குத்தி நீலம் பாரித்த தடம் இன்னும் மறையவில்லை. ஊசித் தட்டு வண்டி வரும் சத்தம் கேட்டதுமே அந்தக் கை போர்வைக்குள் போய்விடுகிறது. நல்ல செவிலியர் முதலில், “போன தடவை எந்தப் பக்கம் கிடைத்தது?” என்று கேட்கிறார். வெதுவெதுப்பான துணியைச் சுற்றிச் சிறிது நேரம் வைக்கிறார். கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடச் சொல்கிறார். பட்டையைக் கட்டிவிட்டு, கண்ணை நம்பாமல் விரல்நுனியால் தடவித் தேடுகிறார். ஒரே குத்து, ஊசிக் குழாயில் ரத்தம் தெரிகிறது, பிளாஸ்திரி ஒட்டியாகிவிட்டது. இரண்டு முறை கிடைக்காவிட்டால் பிடிவாதமாக மூன்றாவது முறை குத்தாமல், தன்னைவிடக் கைப்பழக்கம் உள்ளவரைக் கூப்பிடுகிறார்.

இதில் எது திறமை, எது கனிவு? அந்தக் கைக்குச் சொந்தக்காரரைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார். ஆறுதல் வார்த்தைகளோடு ஐந்து முறை குத்துகிறவரைவிட, அதிகம் பேசாமல் ஒரே முறையில் முடிப்பவரையே அவர் அக்கறையுள்ளவர் என்று சொல்வார். என் உயிர் இவர் கையில் பத்திரமாக இருக்கிறது என்ற உறுதி வந்த பிறகுதான் சிரித்த முகமும் அன்பான பேச்சும் உள்ளே இறங்குகின்றன. அப்படி இறங்கியவை நெடுங்காலம் மறப்பதும் இல்லை. வீடு திரும்பியவர்கள் ஆண்டுகள் கழித்துச் சொல்லும் கதைகளில் பெரும்பாலும் ஒரு செவிலியரின் பேச்சோ முகமோ இருக்கும். டிரிப் ஒழுங்காக ஏறிய கதையை யாரும் சொல்வதில்லை. எது அடிப்படை என்று கேட்டால் ஒரு பதிலும், எது நினைவில் நிற்கிறது என்று கேட்டால் இன்னொரு பதிலும் வருவது இதனால்தான்.

செவிலியர்கள் எதை முக்கியம் என்று நினைக்கிறார்கள்?

அதே அட்டைகளை லார்சன் பின்பு புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர்களிடம் கொடுத்துப் பார்த்தார். முடிவு 1986-இல் வெளிவந்தது. நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, தொட்டு ஆறுதல் சொல்வது போன்றவற்றை அவர்கள் மேலே வைத்தார்கள். இந்தத் துறையில் வந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2011-இல் பாபஸ்தாவ்ரூவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட தொகுப்பும், இரு தரப்புப் பார்வையும் ஒத்துப்போகவில்லை என்றே சொன்னது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஊசி போடுவது செவிலியருக்குக் கைவந்த வேலை. அதை அவர் அக்கறை என்று எண்ணுவதே இல்லை, கடமை என்று எண்ணுகிறார். வேலை முடிந்தபின் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதைத்தான் தான் மனமுவந்து கொடுப்பதாக உணர்கிறார். நோயாளிக்கோ அந்த ஊசி அன்றைய நாளின் பெரிய நிகழ்ச்சி. செவிலியர் சாதாரணமாகச் செய்துவிட்டுப் போகும் வேலையை, படுத்திருப்பவர் காலையிலிருந்து எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்திருப்பார்.

நான் மாணவர்களிடம் வற்புறுத்துவது ஒன்றுதான்: உங்களுக்கு எது அன்பாகத் தோன்றுகிறது என்பதை வைத்து நோயாளியின் தேவையை முடிவு செய்யாதீர்கள். அவரைக் கேளுங்கள்.

அழைப்பு மணி அடித்தால் உடனே வர முடியாதபோது என்ன செய்வது?

மணி விஷயத்தில் மனத்தாங்கல் இல்லாத வார்டையே நான் பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், மணி கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். பக்கவாதம் வந்து இடது கை விழுந்துபோனவரின் இடது பக்கத்தில் மணிப் பொத்தான் கிடக்கும். இன்னொரு கட்டிலில், படுக்கை விரிப்பை மாற்றியவர் அதைத் தலையணைக்குப் பின்னால் விட்டிருப்பார். வேறொருவருக்கு வலது கையில் டிரிப் ஓடும். மணியும் அதே பக்கம் தொங்கும். எட்டி எடுத்தால் ஊசி நகர்ந்துவிடுமோ என்று அவர் அசையாமல் படுத்திருப்பார். மணி அடிக்காத நோயாளிக்குத் தேவை எதுவும் இல்லை என்று அர்த்தமாகாது.

அடுத்தது, சொன்ன வாக்கு. “இதோ வருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போய் முக்கால் மணி நேரம் வராமல் இருப்பதைவிட, “பக்கத்துப் படுக்கையில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், பத்து நிமிடம் ஆகும், தாங்குமா?” என்று கேட்பது எவ்வளவோ மேல். தாங்காது என்றால் அவர் சொல்லிவிடுவார். தாங்கும் என்றால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார். பத்து நிமிடத்தில் போய்விட வேண்டும். முடியாவிட்டால் இன்னொருவரையாவது அனுப்ப வேண்டும். கழிப்பறைக்குப் போகக் கூப்பிட்டவரை மட்டும் காக்க வைக்கவே கூடாது. படுக்கை நனைந்துவிட்டால் வளர்ந்த மனிதருக்கு வருகிற அவமானத்தை எந்த மன்னிப்பும் துடைக்காது. காத்திருந்து பொறுமையிழந்து தானாக எழுந்து போய்க் கீழே விழுபவர்களும் உண்டு.

கூப்பிடும் முன் நாமே போவது இதற்கு நல்ல மருந்து. மீட், பர்செல், கெடல்சன் ஆகியோர் அமெரிக்க மருத்துவமனைகளில் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கு ஒருமுறை தவறாமல் சுற்றிவந்து வலி, கழிப்பறைத் தேவை, படுத்திருக்கும் நிலை, வேண்டிய பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்பவற்றைக் கேட்ட வார்டுகளில் மணி அடிப்பது குறைந்தது, விழுவது குறைந்தது, நோயாளிகளின் திருப்தி கூடியது. மணிக்கு ஓடி ஓடிக் களைத்துப்போகிறவர்களுக்கும் இது ஆறுதலான செய்திதான்.

பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆம். கேட் கிரேஞ்சர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தாமே குணமாகாத புற்றுநோயோடு படுத்திருந்தபோது, தம்மைத் தொட்டுச் சிகிச்சை செய்தவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். 2013-இல், ‘வணக்கம், என் பெயர் இன்னது’ என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள் என்று மருத்துவப் பணியாளர்களைக் கேட்டு ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். 2016-இல் அவர் இறக்கும்போது அது பல நாடுகளுக்குப் பரவியிருந்தது. மருத்துவமனைகளை உள்ளிருந்து அறிந்த ஒருவருக்கே அந்தக் குறை அவ்வளவு தைத்தது என்றால், மற்றவர்களுக்கு எப்படி இருக்கும்?

பெயர் பொறித்த வில்லை சட்டையில் இருக்கிறதே என்று சொல்வார்கள். கண்ணாடி கழற்றிவிட்டுப் படுத்திருப்பவருக்கு அது தெரியாது.

எவ்வளவு விளக்க வேண்டும்? அதிகம் சொன்னால் பயந்துவிட மாட்டார்களா?

நோயின் முழு விவரத்தையும் எல்லோரும் ஒரே அளவில் தெரிந்துகொள்ள விரும்புவதில்லை. எவ்வளவு சொல்லட்டும் என்று அவரையே கேட்கலாம். ஆனால் இப்போது என் உடம்பில் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பாதவரை நான் கண்டதில்லை. “குழாயை எடுக்கப் போகிறேன். மூச்சை இழுத்து விடுங்கள். ஒரு நொடி சுருக்கென்று இருக்கும்.” இவ்வளவு போதும். வலிக்காது என்று சொல்லிவிட்டு வலிக்கச் செய்தால், அடுத்த தடவை நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

பயமுறுத்துவது விளக்கம் அன்று, அரைகுறைப் பேச்சு. அறை வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசுவது நோயாளிக்குச் செய்யும் கொடுமை என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே கண்டித்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பதிலேயே படுத்திருப்பவர் களைத்துப்போகிறார். மானிட்டர் அலறும்போது வந்து பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போவதும் இதே வகைதான். விரலில் மாட்டிய கிளிப் நழுவியதற்காகத்தான் அது அலறியது என்று நமக்குத் தெரியும். அவர் தன் இதயம் நின்றுவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

தொட்டு ஆறுதல் சொல்வது எல்லோருக்கும் பிடிக்குமா?

இல்லை. வலியில் துடிப்பவர் தானாக நம் கையைப் பற்றிக்கொண்டால் விலக்காமல் இருக்கலாம். மற்றபடி, முன்பின் தெரியாத ஒருவர் தோளைத் தட்டுவது சிலருக்குக் கூச்சம், சிலருக்கு எரிச்சல். ஊசிக்கும் கட்டு மாற்றவும் நாள் முழுக்கப் பலர் தொட்ட உடம்பு அது. இன்னொரு கை வேண்டாம் என்று இருக்கும். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லா நோயாளிகளும் இதே வரிசையில்தான் சொல்கிறார்களா?

பொதுவான சாயல் ஒன்றே தவிர, ஆளுக்கு ஆள், நோய்க்கு நோய் மாறும். தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டையில் குழாயோடு இருப்பவரால் பேச முடியாது. பகலா இரவா என்று தெரியாமல் கிடக்கும் அவருக்கு, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார், வீட்டார் எப்போது வருவார்கள் என்று சொல்பவரே பெரிய துணை. எழுத்துப் பலகை ஒன்றைக் கையில் கொடுத்தால் அவர் முகமே மாறும். நீண்டகால நோயோடு அடிக்கடி வந்துபோகிறவருக்குத் தன் உடம்பைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும். தான் சொல்வதை நம்பிக் கேட்கிறார்களா என்பதே அவருடைய அளவுகோல். ஆபரேஷன் முடிந்த முதல் நாளில் வலி ஒன்றுதான் உலகம். டிஸ்சார்ஜ் நாள் நெருங்கும்போது, வீட்டில் கட்டு எப்படி மாற்றுவது, எந்த மாத்திரை எப்போது என்பது முன்னால் வந்துவிடும். இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களிடம் வரிசை அநேகமாகத் தலைகீழாகிவிடும். பக்கத்தில் யாராவது இருப்பதே எல்லாவற்றுக்கும் மேலாகிவிடும்.

முதியவர்களைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையிடம் பேசுவதுபோல் இழுத்து இழுத்துக் கொஞ்சலாகப் பேசுவது அன்பு என்று பலர் எண்ணுகிறார்கள். மறதி நோய் உள்ளவர்களிடம் அப்படிப் பேசினால் அவர்கள் குளிக்கவும் உடை மாற்றவும் மறுப்பது அதிகமாகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மறதி வந்தாலும் மரியாதைக் குறைவு அவர்களுக்குத் தெரிகிறது.

இதையெல்லாம் செய்ய நேரம் எங்கே இருக்கிறது?

நியாயமான கேள்வி. இதற்கான பதிலைச் செவிலியர் தலையில் மட்டும் கட்டுவது அநியாயம். லிண்டா எய்க்கனும் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஆள் குறைந்தால் உயிருக்கே ஆபத்து எனும்போது, சிரித்துப் பேசவில்லை என்று ஒருவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆள் போதாதபோது எவையெல்லாம் கைவிடப்படுகின்றன என்று 2006-இல் பியாட்ரிஸ் கலிஷ் கேட்டறிந்து எழுதினார். நோயாளியை நடக்க வைப்பது, புரட்டிப் படுக்க வைப்பது, நேரத்துக்கு உணவு, விளக்கிச் சொல்வது, மனத்துக்கு ஆறுதல், உடல் சுத்தம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. நோயாளி அக்கறை என்று எவற்றைச் சொல்கிறாரோ அவற்றில் பலவும் முதலில் விடுபடுகின்றன. பயிற்சி வகுப்பு நடத்தி இதைச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்கும் நிர்வாகங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கூடுதல் ஆளைப் போடுங்கள்.

இருக்கிற நேரத்துக்குள் செய்யக்கூடியதும் உண்டு. ஆபரேஷன் முடிந்த நோயாளிகளிடம் மருத்துவர் நின்று பேசுவதையும் உட்கார்ந்து பேசுவதையும் ஒப்பிட்டு 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. உட்கார்ந்தபோது மருத்துவர் நீண்ட நேரம் இருந்ததாக நோயாளிகள் உணர்ந்தார்கள். உண்மையில் அவர் கூடுதலாக இருக்கவில்லை. செவிலியருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

கருத்துப் படிவத்தில் எல்லோரும் ‘மிக நன்று’ என்றுதானே குறிக்கிறார்கள்?

குறிப்பார்கள். பிழைத்து வீட்டுக்குப் போகிறோம் என்ற நன்றி இருக்கும். படிவத்தைக் கொடுத்தவர் பக்கத்திலேயே நிற்பார். பொதுவாகத் திருப்தியா என்று கேட்பதைவிட, நடந்ததைக் கேட்பது நல்லது. அமெரிக்காவில் 2008 முதல் முடிவுகள் பொதுவில் வெளியிடப்படும் நோயாளி அனுபவக் கணக்கெடுப்பில், செவிலியர் மரியாதையோடு நடந்துகொண்டாரா, கவனமாகக் கேட்டாரா, புரியும்படி விளக்கினாரா என்று கேட்டு, ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து எப்போதும் என்பது வரை குறிக்கச் சொல்கிறார்கள். பெயர் எழுதத் தேவையில்லாத படிவமும், வீட்டுக்குப் போன பிறகு கேட்பதும் இன்னும் உண்மையான பதிலைக் கொண்டுவரும்.

குறை சொன்னால் நம்மைச் சரியாகக் கவனிக்கமாட்டார்களோ என்று பயமாக இருக்கிறதே?

இந்தப் பயம் எல்லா வார்டுகளிலும் இருக்கிறது. இரவு மறுபடியும் அதே செவிலியர்தான் வருவார் என்பதால் நோயாளி வாயைத் திறப்பதில்லை. வீட்டாரும் அவரையே அடக்கிவிடுகிறார்கள்.

ஆளைக் குறை சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். “ராத்திரி இரண்டு மணிக்கு வலி மாத்திரை கேட்டேன், நாலரைக்குத்தான் வந்தது. இன்றைக்கு அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம்?” என்று கேட்டால் பெரும்பாலான செவிலியர்கள் தங்கள் தரப்பு நெருக்கடியையும் சொல்வார்கள், வழியும் சொல்வார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தின் பரபரப்பில் கேட்காதீர்கள். சரிவராவிட்டால் வார்டு பொறுப்புச் செவிலியரிடம் போங்கள்; டிஸ்சார்ஜ் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம்.

செவிலியர்கள் பக்கம் ஒரு வேண்டுகோள். “வேறு ஏதாவது வேண்டுமா?” என்று கதவருகே நின்று கேட்டால் “ஒன்றுமில்லை சிஸ்டர்” என்ற பதில்தான் வரும். “ராத்திரி எத்தனை முறை விழித்தீர்கள்? மணி அடித்தபோது யாராவது வந்தார்களா? எந்தப் பக்கம் படுத்தால் வலி குறைகிறது?” என்று கேட்டுப் பாருங்கள். வருகிற பதிலை அடுத்த ஷிப்டுக்கான குறிப்பில் எழுதி வையுங்கள். அதே கேள்விகளுக்கு அவர் மூன்று வேளையும் பதில் சொல்லவேண்டி வராது.